குழல்மேல் எழுதிய பெயர்

எனக்குப் பழக்கமான துப்பாக்கி தீபாவளித் துப்பாக்கி ஒன்றுதான். அதிலும் சுருள் கேப்பைப் போட்டுச் சுடுவது என் அண்ணனின் வேலை. நான் காதைப் பொத்திக் கொண்டு தூணுக்குப் பின்னால் நிற்பேன். அப்படிப்பட்டவன் ஒரு தொடர்கதையில் இருநூறு வருஷத்துத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டு வந்து வைத்தேன் என்றால், அது எழுத்தாளனுக்கே உரிய அசட்டுத் துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும்.

கதையில் கோடைக்கானலில் ஒரு பழைய பங்களா. அந்த மலையில் 1845-ம் வருஷம் முதன் முதலாக வீடு கட்டிக் கொண்டு குடியேறியவர்கள் அமெரிக்கப் பாதிரிமார்கள். அவர்களில் ஒருவர் கப்பலேறும்போது தம் பாட்டனாரின் துப்பாக்கியையும் மூட்டையோடு கட்டிக் கொண்டு வந்துவிட்டார் என்று கற்பித்துக் கொண்டேன். பங்களா கைமாறுகிறது. பரணிலிருந்து துப்பாக்கி இறங்குகிறது. சென்னையிலிருந்து ஒரு பழம்பொருள் நிபுணர் வருகிறார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரே நிமிஷம் உற்றுப் பார்த்து, விசைத் தகட்டில் வெட்டியிருந்த பெயரைப் படித்து, "இது பென்ஸில்வேனியாவில் கெட்லண்ட் என்ற கொல்லன் தன் கையால் செய்தது" என்று தீர்ப்புச் சொல்கிறார். அந்தப் பெயரை நான் ஒரு படப் புத்தகத்திலிருந்து எடுத்தேன். படத்தில் இருந்த அமெரிக்கத் துப்பாக்கியின் விசைத் தகட்டில் அப்படித்தான் இருந்தது. சத்தியமாக இருந்தது.

பத்து நாளில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதினார். "ஐயா, கெட்லண்ட் என்பவர்கள் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கி வியாபாரிகள். விசைப் பொறிகளைப் பெட்டி பெட்டியாக அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தவர்கள். தங்கள் நிபுணர் ஒன்றும் தெரியாதவரா, அல்லது வேண்டுமென்றே ஏமாற்றுகிறவரா? இரண்டில் எது என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு கதையை அனுபவிக்க முடியும். அடுத்த இதழில் தெரிவிக்கவும்."

அடுத்த இதழில் நான் தெரிவிக்கவில்லை. நிபுணரைக் காய்ச்சலில் படுக்க வைத்துவிட்டுக் கதாநாயகியின் கல்யாணப் பேச்சுக்குப் போய்விட்டேன். ஆனால் அந்தக் கடிதம் சட்டைக்குள் விழுந்த நெல் உமி மாதிரி உறுத்திக் கொண்டே இருந்தது. இந்த நீளத் துப்பாக்கிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆறு மாசம் ஆயிற்று. "என்ன, பட்டாளத்தில் சேரப் போகிறீர்களா?" என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள். இந்த வயதில் சேர்த்துக் கொள்ள மாட்டார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

முதலில் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியிலிருந்தும் ஸ்விட்ஸர்லாந்திலிருந்தும் பென்ஸில்வேனியாவுக்குக் குடியேறியவர்களில் துப்பாக்கிக் கொல்லர்களும் இருந்தார்கள். அவர்கள் ஊரில் வேட்டைக்காரர்கள் வைத்திருந்தது குட்டையாய், தடியாய், பெரிய குண்டு போடும் ரைபிள். ரைபிள் என்றால் குழலின் உட்புறத்தில் திருகு திருகாகப் பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு சுழன்று கொண்டே வெளியே வரும். அதனால் நேராகப் போகும். புதிய நாட்டில் காடு பெரிது. ஈயமும் மருந்தும் காசு கொடுத்து வாங்கி முதுகில் சுமக்க வேண்டியவை. எனவே குண்டு சிறிதாயிற்று, குழல் நீண்டது. நாற்பது அங்குலத்துக்கு மேல் எட்டுப் பட்டைக் குழல். ஆக மொத்தம் ஆள் கழுத்து உயரம். குழலுக்கு அடியில் முனை வரைக்கும் ஓடும் மேப்பிள் மரக் கட்டை. புலித்தோல் மாதிரி வரி வரியாக இருக்கும் மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்து மரத்தில் பூசி, அனல் காட்டினால் அந்த வரிகள் தேன் நிறத்தில் துடித்துக் கொண்டு எழும்புமாம். கட்டையின் பின்புறத்தில் ஒரு சிறு பெட்டி. அதற்குப் பித்தளை மூடி. எண்ணெய்த் துணி வில்லைகளை அதில் வைத்துக் கொள்வார்கள். குண்டைத் துணியில் சுற்றி இடித்து இறக்கினால்தான் அது பள்ளங்களைப் பிடித்துக் கொண்டு சுழலும்.

இதற்குக் கென்டக்கி ரைபிள் என்று பெயர் வந்தது ஒரு வேடிக்கை. செய்தது பெரும்பாலும் பென்ஸில்வேனியாவில். 1815-ல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சண்டைக்குப் பிறகு, கென்டக்கி வேட்டைக்காரர்களின் வீரத்தைப் புகழ்ந்து ஒரு பாட்டுக் கிளம்பியது. பாட்டு நாடெங்கும் பரவிற்று; பெயரும் ஒட்டிக் கொண்டது. பிறந்த ஊரையே ஒரு பாட்டு மாற்றிவிடும் என்றால், பெற்றவர் பெயர் என்ன பாடு படும் என்று நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

பெற்றவர் யார் என்பதற்கு முதல் சாட்சி குழலின் மேல் பட்டையில் வெட்டியிருக்கும் பெயர். லங்காஸ்டர் நகரத்து ஜேக்கப் டிக்கர்ட், 1740-ல் பிறந்து 1822-ல் காலமானவர், தம் பெயரை இப்படி வெட்டியிருக்கிறார். பெயர் இருக்கிறது, ஆகவே விவகாரம் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் குடம் உண்டு. கழுத்தில் "மீ. சு." என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். மீனாட்சி சுந்தரம் என்ற கொள்ளுத் தாத்தா வாங்கியது என்று என் தகப்பனார் சொல்வார். மீனாட்சி என்ற அத்தைப் பாட்டிக்குச் சுப்பையா மாமா சீர் கொடுத்தது என்று பெரியம்மா சாதிப்பாள். இரண்டு பேரும் இதற்காக ஒரு பொங்கலன்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஆனால் அது குடத்தைச் செய்த கன்னானின் பெயராக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. நம் பாத்திரங்களில் வெட்டுவது உடையவன் பெயர். செய்தவன் பெயரை யார் கேட்டார்கள்? இந்தப் பழக்கத்தோடு நான் அமெரிக்கத் துப்பாக்கியிடம் போனால், அங்கே மேல் பட்டையில் இருப்பது பெரும்பாலும் செய்தவன் பெயர். பெரும்பாலும்தான். உடையவன் பெயர் இருப்பதும் உண்டு. குழலை மட்டும் செய்து விற்றவனின் பெயரோ குறியோ இருப்பதும் உண்டு.

ஏனென்றால் ஒரு துப்பாக்கி முழுவதையும் ஒரே ஆள் செய்தான் என்பது பாதிக்குமேல் கதை. குழல் அடிப்பது தனித் தொழிலாகவே நடந்தது. தட்டையான இரும்புப் பாளத்தை உலையில் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி மடித்து அடித்து, விளிம்போடு விளிம்பை ஒட்ட வைத்து, நீர்ச் சக்கரத்தில் ஓடும் ஆலையில் துளை கடைந்து, லங்காஸ்டர் பக்கத்தில் விற்றார்கள். விசைப் பொறி இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியது. கடைக்காரக் கொல்லர் இவற்றை வாங்கிப் பள்ளம் வெட்டி, மரம் செதுக்கி, பித்தளை பதித்துச் சேர்த்தார். பள்ளம் வெட்டும் காரியம் இருக்கிறதே, அது பொறுமைக்கு ஒரு பரீட்சை. மரத்தில் திருகு வெட்டிய ஓர் உருளையைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அதன் நுனியில் சின்னப் பல். ஒவ்வொரு சுற்றுக்கும் பல்லுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து அதை மயிரிழை உயர்த்துவார்கள். ஏழு பள்ளம் என்றால் எத்தனை இழுப்பு, எத்தனை காகிதம்! இந்த இழுப்பை இழுத்தது எஜமானரா, இருபத்தொரு வயது வரையில் பட்டறைக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட பையனா? குழலில் பையனின் பெயர் இராது.

ஆகவே "டிக்கர்ட்" என்று இருந்தால், டிக்கர்ட்டின் பட்டறையிலிருந்து வந்தது என்று கொள்ளலாம். அவர் கை பட்டது என்று சத்தியம் செய்ய முடியாது. அவர் பெயரே பிறகு ஒரு ஜாதிப் பெயராகிவிட்டது. 1780-ல் நடந்த கிங்ஸ் மௌண்டன் சண்டையை வர்ணிக்கிறவர்கள் மலை வாசிகள் கையில் "டெக்கார்ட்" துப்பாக்கி இருந்ததாக எழுதுகிறார்கள். ஒரு காலத்தில் எந்தக் கம்பெனி வனஸ்பதியானாலும் நாம் டால்டா என்று சொன்னோமே, அந்த மாதிரி. யாரோ ஒரு கிழவர், "எங்கள் குடும்பத்தில் இருந்தது டெக்கார்ட்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், அதை வைத்துக் கொண்டு டிக்கர்ட்டின் கணக்கில் ஒரு துப்பாக்கியைக் கூட்டக் கூடாது.

பெயரே இல்லாமல் வெறும் முதலெழுத்து மட்டும் இருக்கிற துப்பாக்கிகள் ஏராளம். அவற்றை வைத்துக் கொண்டு பழைய கொல்லர் ஜாபிதாவை விரித்தால், ஜேயில் ஆரம்பிக்கிற ஜான், ஜேக்கப், ஜோஸப்புக்குக் கணக்கே இல்லை. அப்பனும் பிள்ளையும் ஒரே பெயர். அண்ணனும் சித்தப்பாவும் ஒரே பட்டறை. எங்கள் "மீ. சு." சண்டையே தேவலை.

பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை என்றால்? அங்கேதான் கலையை அறிந்தவர்களின் கண் வேலை செய்கிறது. லங்காஸ்டர்ப் பித்தளை மூடியின் தலையில் டெய்ஸி என்கிற பூவின் வடிவம் அடிக்கடி தென்படும். லீஹை ஆற்றுப் பக்கத்துக் கட்டை, மனிதனின் கூர்மையான மூக்குத் தண்டு மாதிரி வளைந்து இறங்கும். பெட்போர்டு ஜில்லாத் துப்பாக்கி மெலிந்த தேகம். விசைத் தகடும் நீண்டு ஒடுங்கியிருக்கும். நம்மில் சிலர் பேச்சைக் கேட்டே நாஞ்சில் நாடா, தஞ்சாவூரா என்று சொல்லிவிடுகிறார்கள் அல்லவா? ஊரைச் சொல்வதில் அவர்கள் அநேகமாகத் தவறுவதில்லை. ஆனால் பேச்சைக் கேட்டு ஆளின் பெயரைச் சொல்ல முடியுமா? இந்தத் துறையில் அதையும் முயன்றிருக்கிறார்கள்.

யார்க் நகரத்தில் ஜோ கிண்டிக் என்று ஒரு பழம்பொருள் வியாபாரி இருந்தார். வாழ்நாளெல்லாம் இந்தத் துப்பாக்கிகளைச் சேர்த்தவர். 1960-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். பொற்காலத்துக் கென்டக்கி ரைபிளைப் பற்றிச் சில எண்ணங்கள் என்று அடக்கமாகப் பெயர் வைத்தார். அதுவரைக்கும் வீரக் கதையாகவும் குறி தவறாத கதையாகவும் இருந்த விஷயத்தை, இலைச் செதுக்கல் எப்படிச் சுருள்கிறது, பித்தளை எப்படி வளைகிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிற படிப்பாக மாற்றியதில் அவருக்குப் பெரும் பங்கு. அந்தப் புத்தகத்தில் ரெடிங் நகரத்தைச் சேர்ந்த ஒரு கூட்டம் துப்பாக்கிகள் வருகின்றன. கையெழுத்தில்லை. ஆனால் ஒரே கையின் வாடை. பழைய ஏடுகளில் வுல்ப்காங் ஹாகா என்று அந்த ஊரில் ஒரு துப்பாக்கிக் கொல்லர் அகப்படுகிறார். காலமும் பொருந்துகிறது. இவை அவருடையவையாக இருக்கலாம் என்று கிண்டிக் கருதினார்.

ஹாகா கையெழுத்திட்ட துப்பாக்கி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒன்றாவது கிடைத்தால் அதைப் பக்கத்தில் வைத்துச் செதுக்கலை ஒப்பிடலாம். அது இல்லாதபோது, ஒரு பக்கத்தில் பெயரில்லாத துப்பாக்கிகள், மறுபக்கத்தில் துப்பாக்கியில்லாத பெயர். இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைத்தாயிற்று. ஜாதகம் பொருந்தியது உண்மை. ஆனால் வேறு வரன்களும் ஊரில் இருந்திருப்பார்கள் அல்லவா? கிண்டிக்கை நான் குறை கூறவில்லை. அவர் எண்ணம் என்றுதான் சொன்னார். பின்னால் வந்த விற்பனைக்காரர்களும் வாங்கினவர்களும் "இருக்கலாம்" என்ற சொல்லைத் தேய்த்துத் தேய்த்து அழித்துவிட்டு, "ஹாகா துப்பாக்கி" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பெயருள்ள துப்பாக்கிக்கு ஒரு விலை, பெயரில்லாததற்கு வேறு விலை. பிற்காலத்து ஆராய்ச்சிக்காரர்கள் பலர் இப்போது ரெடிங் பட்டறை என்று சொல்வதோடு நிறுத்திக் கொள்கிறார்கள். அதற்கும் தைரியம் வேண்டும். "தெரியாது" என்று சொல்கிற நிபுணரை யார் காசு கொடுத்துக் கூப்பிடுவார்கள்?

இனி, பெயர் இருந்தும் அது பொய்யாக இருந்தால் என்ன செய்வது?

குழலைக் கழற்ற வேண்டும். இது எனக்கு எழுதிய வாசகர் பின்னொரு கடிதத்தில் அடிக்கோடிட்டுச் சொன்ன வார்த்தை. மரத்துக்குள் குறுக்கே போகும் சிறு ஆணிகளைத் தள்ளி, திருகாணியை எடுத்து, குழலைத் தூக்கினால், இருநூறு வருஷமாக யாரும் அலங்காரம் செய்யாத பக்கம் தெரியும். அங்கே அரத்தின் கீறல் இருக்கும். அடித்து ஒட்டிய இரும்பின் வரி சில சமயம் தெரியும். சில குழல்களின் அடியில் வேறொருவன் குறி இருக்கும். மரத்தின் உட்புறத்தில் உளி போன தடமும், விசைப் பொறிக்காகத் துளைத்த துரப்பணத்தின் முனை பதிந்த பள்ளமும் இருக்கும். கையால் செய்த திருகாணியின் மரை ஒன்றுபோல் இராது. ஆலைத் திருகாணி பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை மாதிரி நிற்கும். வெளியே கிழவனாய் இருந்து உள்ளே வாலிபனாய் இருந்தால் சந்தேகம் வர வேண்டும்.

கையெழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். நிஜமான எழுத்து இரும்போடு சேர்ந்து கிழமாகியிருக்கும். துரு அரித்த குழி எழுத்தின் விளிம்பையும் தின்றிருக்கும். பின்னால் வெட்டியதானால், துருக்குழி முன்னமே இருக்கிறது. உளி அதன் மேல் வரும்போது கால் இடறி உள்ளே விழுந்து எழுந்து போயிருக்கும். பொய் சொல்கிறவன் பழைய குழியை மறந்துவிட்டு வாக்கியத்தை முடித்துவிடுகிறான். கதை எழுதுகிறவர்களுக்கும் இது அடிக்கடி நேர்வதுதான்.

பொய் என்று சொல்ல முடியாத மாற்றங்களும் உண்டு. சுட்டுச் சுட்டுக் குழலின் பின்முனை அரித்துப் போனால் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி பூட்டுவார்கள். அப்போது பின்பக்கத்துக் குறிக்கண்ணை முன்னால் தள்ள வேண்டும். பழைய இடத்தில் ஒரு காடி காலியாக நிற்கும், அல்லது அதை அடைத்திருப்பார்கள். 1820, 1830-களில் சக்கிமுக்கிக் கல்லுக்குப் பதிலாக வெடிக்கும் சிறு செப்புத் தொப்பி வந்தது. நடப்புத் தெரிந்தவர்கள் பழைய துப்பாக்கியை உள்ளூர்க் கொல்லனிடம் கொடுத்துப் புது விதத்துக்கு மாற்றிக் கொண்டார்கள். நூறு வருஷம் கழித்துச் சேகரிப்பவர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சக்கிமுக்கிதான் வேண்டும். எனவே வியாபாரிகள் திரும்பவும் பழைய விதத்துக்கு மாற்றினார்கள்! கிழவருக்கு மீசையை மழித்து, மறுபடி ஒட்டு மீசை வைத்த கதை. இப்படி மாற்றியதைச் சொல்லி விற்றால் வியாபாரம். சொல்லாமல் விற்றால் என்ன பெயரோ அது. உடைந்த கட்டையை எறிந்துவிட்டு, நல்ல குழலுக்கு இன்னொரு கொல்லன் புதுக் கட்டை போட்டிருப்பான். குழலில் ஒருவன் பெயர். செதுக்கலோ வேறொருவன் கை. இதில் யாரைத் தகப்பன் என்பது?

இந்தக் காலத்தில் எக்ஸ்-ரே வீசிப் பித்தளையில் என்ன கலந்திருக்கிறது என்று கீறாமலே பார்த்துவிடுகிறார்கள். பழைய வார்ப்புப் பித்தளையில் ஈயமும் வேறு அழுக்குகளும் இருக்கும். இன்றைய ஆலைத் தகடு சுத்தம். ஆனால் பழைய ஓட்டைப் பாத்திரத்தை உருக்கி வார்க்கிற கெட்டிக்காரன் முன்னால் அந்தக் கருவியும் விழிக்கும். அதுவும் தவிர, கருவி வயதைப் பற்றி ஏதோ சொல்லும், பெயரைச் சொல்லாது. பெயருக்கு மறுபடி காகிதத்திடம்தான் போக வேண்டும். வரி ஏடு, மாதாகோவில் ஞானஸ்நானப் புத்தகம், உயில், செத்தவன் பட்டறையில் இருந்த சாமான் ஜாபிதா, பையனைத் தொழிலுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம். இன்ன வருஷத்தில் இன்ன ஊரில் இவன் துப்பாக்கிக் கொல்லன் என்று வரி ஏடு சொல்லும். இந்தத் துப்பாக்கியை இவன் செய்தான் என்று எந்தக் காகிதமும் சொல்லாது. குடும்பக் கதைகளோ கேட்கவே வேண்டாம். டேனியல் பூன் என்ற பிரசித்தி பெற்ற காட்டு வீரரின் பெயர் செதுக்கிய துப்பாக்கிகள் பல உண்டு; அவற்றில் "பூன்" என்ற பெயரின் கடைசி எழுத்து இல்லாமலே செதுக்கியவையும் உண்டு. அந்த மனிதர் அதிகம் படிக்காதவர்தான். ஆனால் தம் பெயரைக் கடைசி எழுத்தோடு சரியாகவே எழுதி வந்தார்.

இவ்வளவும் படித்த பிறகு ஒரு நிஜ சம்பவத்துக்கு வந்தேன். என் தொடர்கதை அதன் முன்னால் வெட்கித் தலை குனிய வேண்டும்.

பென்ஸில்வேனியாவில் நாஸரேத்துக்கு அருகில் கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. பக்கத்து ஊர் பெத்லகேம். மொரேவியச் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வைத்த பெயர்கள். கல்யாணமாகாத ஆண்கள் அங்கே சேர்ந்து வாழ்ந்து, பொதுவில் தொழில் செய்தார்கள். ஆயுதம் எடுக்க மனம் ஒப்பாத அந்த மார்க்கத்தாரின் தொழில்களில் துப்பாக்கிப் பட்டறையும் ஒன்று என்பதை எப்படிச் சமாதானம் செய்து கொண்டார்களோ! ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட் என்பவரிடமிருந்து 1766-ல் பட்டறைப் பொறுப்பு யோஹான் கிறிஸ்டியன் ஏர்ட்டர் என்ற இளைஞரிடம் வந்தது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. 1777-ல் முப்பதை ஒட்டிய வயதில் இறந்து போனார். அதற்குள் செய்தவற்றில் சிலவற்றில் பெயரும் வருஷமும் வெட்டியிருக்கிறார். அப்படி ஒன்று 1775 என்று வருஷம் போட்டது. அந்த வருஷம் ஜூன் மாசத்தில்தான் அமெரிக்கக் காங்கிரஸ், பென்ஸில்வேனியாவில் ஆறு, மேரிலாந்தில் இரண்டு, வர்ஜினியாவில் இரண்டு என்று பத்து ரைபிள் படைகளைத் திரட்ட உத்தரவிட்டது. இதே மாதிரி அலங்காரம் செய்த இன்னொரு ஏர்ட்டர் துப்பாக்கி இங்கிலாந்து ராஜ குடும்பத்தின் சேகரிப்பில் விண்ட்ஸர் கோட்டையில் இருக்கிறது.

1775-ம் வருஷத்துத் துப்பாக்கியை வாலி போர்ஜ் என்ற இடத்தில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் சேனை குளிரில் நடுங்கிக் கிடந்த அதே வாலி போர்ஜ். 1971-ம் வருஷம் அக்டோபர் மாசத்தில் அது திருட்டுப் போயிற்று. தேடினார்கள், கிடைக்கவில்லை. நாற்பத்தேழு வருஷம் ஓடிற்று.

2018-ல் ஒரு பழம்பொருள் வியாபாரி, ஒரு முதியவரிடமிருந்து வேறு சில சாமான்களோடு ஒரு பழைய துப்பாக்கியையும் வாங்கினார். ஏர்ட்டர் பெயரும் 1775-ம் அதில் இருந்தன. வியாபாரி தொழில் தெரிந்தவர். என்ன நினைத்தார் தெரியுமா? போலி என்று நினைத்தார்! இவ்வளவு அபூர்வமான சாமான் இப்படிச் சாதாரணமாகக் கைக்கு வந்து சேராது. ஆகையால் யாரோ திறமைசாலி பின்னால் செய்த நகலாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணினார்.

அவர் எண்ணியதற்கு நியாயம் உண்டு. வர்ஜினியாவில் வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய நகரத்தைப் பழையபடி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே வாலஸ் கஸ்லர் என்பவர் இரும்புப் பாளத்திலிருந்து தொடங்கி, பதினெட்டாம் நூற்றாண்டு முறையிலேயே ஒரு ரைபிளைக் கையால் செய்து முடிப்பதை 1969-ல் படமாகவே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த வித்தை உயிர் பெற்றுவிட்டது. எத்தனையோ பேர் அருமையாகச் செய்கிறார்கள். கண்ணியமானவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக் கொள்கிறார்கள். ஆனால் ஒரு பெயரை அரத்தால் தேய்த்துவிட்டு இன்னொன்றை வெட்ட எத்தனை நேரம் ஆகும்? நல்ல நகல்கள் பெருகியதால் வந்த வினை, அசலே வந்து வாசற்படியில் நின்றபோது அதை நகல் என்று எண்ண வைத்துவிட்டது.

பிறகு அவர் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது நகல் அல்ல. புத்தகத்தைப் புரட்டினார். 1980-ல் வெளியான ஒரு நூலில் அதே துப்பாக்கி இருந்தது. திருடு போனது என்ற குறிப்பும் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். அந்த மனிதர் அன்றிரவு தூங்கியிருப்பாரா? போலி என்று தாம் முதலில் நம்பியதையே தொடர்ந்து நம்பிக் கொண்டிருந்தால், ஒரு தொந்தரவும் இல்லை. போலியாகவே விற்றுவிடலாம். அசல் என்று தெரிந்த அந்த நிமிஷத்தில் அது அவருடையதாக இல்லாமல் போய்விட்டது. துப்பாக்கி அதிகாரிகளிடம் போய்ச் சேர்ந்தது. எப்.பி.ஐ. விசாரித்தது. விற்ற முதியவர் எழுபது வயதைத் தாண்டியவர். 2021-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக் கொண்டார். துப்பாக்கி, பிலடெல்பியாவில் உள்ள அமெரிக்கப் புரட்சி மியூஸியத்தில் 2019-ல் மறுபடி ஜனங்கள் பார்வைக்கு வந்தது. ஏர்ட்டரின் பட்டறையில் அந்தக் குழலுக்குள் காகிதத் துண்டு வைத்துப் பள்ளம் இழுத்த பையன் யாரோ, அவன் பெயர் மட்டும் இன்றுவரை அகப்படவில்லை.

என் தொடர்கதை இதற்குள் முடிந்து, புத்தகமாக அச்சுக்குப் போயிருந்தது. பிழை திருத்த வந்த பக்கங்களில் அந்த அத்தியாயத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். அச்சகத்தில் முணுமுணுத்தார்கள். இப்போது நிபுணர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதில்லை. விசைத் தகட்டில் உள்ள பெயரைப் படித்துவிட்டு, "இது பொறி விற்றவன் பெயர், இவனை விடுங்கள்" என்கிறார். குழலின் மேல் பட்டையைப் பார்க்கிறார், அங்கே துரு. "ஒரு திருப்புளி கொண்டு வாருங்கள்" என்று கேட்டு வாங்கிக் குழலைக் கழற்றுகிறார். இரண்டு பக்கம் கழித்து, "லங்காஸ்டர்ப் பக்கம் என்று தோன்றுகிறது, ஆள் யார் என்று எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுக் காப்பி சாப்பிடுகிறார். பங்களாக்காரருக்கு ரொம்ப ஏமாற்றம். நிபுணருக்குக் கொடுப்பதாகச் சொன்ன தொகையில் பாதியைக் குறைத்துக் கொள்கிறார்.

புத்தகம் வெளிவந்ததும் முதல் பிரதியைக் கோயம்புத்தூர்ப் பக்கத்து வாசகருக்கு அனுப்பி வைத்தேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. அத்தியாயம் திருப்தியாக இருக்கிறது, சந்தோஷம் என்று ஆரம்பித்திருந்தார். கீழே ஒரு வரி: "நூறு வருஷம் கோடைக்கானல் பனியில் பரணில் கிடந்த திருகாணி, கேட்டவுடன் திருப்புளிக்கு வந்துவிடுமா? எண்ணெய் விட்டு ஒரு ராத்திரியாவது ஊற வைத்திருக்க வேண்டாமா?"

இரண்டாம் பதிப்பு வந்தால் பார்க்க வேண்டும்.